ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன்தலைக் கறி: முதல்முறை போகிறவர்களுக்கு

சிங்கப்பூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேரும் தமிழர்கள், வந்த முதல் மாதத்திலேயே என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இங்க நல்ல மீன் குழம்பு எங்கண்ணே கிடைக்கும்?" ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் போங்கள் என்பேன். கூடவே இன்னொன்றும் சொல்வேன். மீன் குழம்பைத் தேடிப் போகாதீர்கள், மீன்தலைக் கறியைத் தேடிப் போங்கள்.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல்முறை போனபோது அம்மா வைக்கும் குழம்பை மனத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சட்டி நிறைய ஒரு பெரிய தலை வந்து நின்றது. எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. குழம்பைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, தலையில் பாதியை அப்படியே விட்டு எழுந்தேன். அன்று நான் விட்டது எவ்வளவு நல்ல சாப்பாடு என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது எங்கே பிறந்த கறி

மீன்தலைக் கறி சிங்கப்பூரிலேயே பிறந்தது. கேரளத்திலிருந்து வந்து இங்கே உணவகம் நடத்திய எம். ஜே. கோமஸ் என்பவர்தான் 1949ஆம் ஆண்டு வாக்கில் இதை முதன்முதலில் சமைத்தார் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சீனர்களுக்கு மீனில் தலைதான் சிறப்பான பகுதி. அவர்களும் தன் கடைக்கு வர வேண்டும் என்று எண்ணி, நம்மவர்கள் அவ்வளவாகச் சீண்டாத பெரிய மீன்தலையை எடுத்து நம் மசாலாவில், நம் புளியில் வேகவைத்தார். கறி நம்முடையது, தலை மீதுள்ள ஆசை அவர்களுடையது. இந்த ஊரில் மட்டுமே நடந்திருக்கக்கூடிய கலவை இது. பிறகு சீனர்களும் தங்கள் முறையில் இதைச் சமைக்கத் தொடங்கினார்கள். அவர்கள் கடைகளில் காரம் குறைவாகவும், தேங்காய்ப்பாலும் புளிப்பும் தூக்கலாகவும் இருக்கும், மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வரும். அதுவும் நல்ல சாப்பாடுதான். ஆனால் முதலில் நம்மவர்கள் கடையில் சாப்பிட்டுவிட்டு அங்கே போனால்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ரேஸ் கோர்ஸ் சாலையில் இதற்குப் பெயர்போன பழைய கடைகள் இரண்டு. முத்தூஸ் கறி 1969இல் தொடங்கியது. பனானா லீஃப் அப்போலோ 1974இல் தொடங்கியது. இரண்டும் ஐம்பது ஆண்டைத் தாண்டிவிட்டன. எது சிறந்தது என்று இங்கே யாரைக் கேட்டாலும் உறுதியான பதில் வரும், கேட்கிற ஆளுக்கு ஆள் பதில் மாறும். நான் பக்கம் சேரப் போவதில்லை. முதல்முறைக்கு எது உங்கள் ரயில் நிலையத்துக்குப் பக்கமோ அங்கே போங்கள், அடுத்த மாதம் மற்றதற்குப் போங்கள்.

போய்ச் சேர்வது

சிராங்கூன் சாலைக்கு இணையாக, ஒரு வரிசை தள்ளி ஓடுகிறது ரேஸ் கோர்ஸ் சாலை. 1840களிலிருந்து 1933 வரை குதிரைப் பந்தயத் திடல் ஃபேரர் பார்க்கில்தான் இருந்தது, பிறகுதான் புக்கிட் தீமாவுக்கு மாறியது. குதிரைகள் போய்விட்டன, பெயர் தங்கிவிட்டது. எம்ஆர்டி ரயிலில் வந்தால் வடகிழக்குப் பாதையில் லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் என்று அடுத்தடுத்த இரண்டு நிலையங்கள். சாலை இந்த இரண்டுக்கும் இடையில் நீள்கிறது. கதவிலக்கம் கூடக் கூட ஃபேரர் பார்க் பக்கம் போகிறீர்கள் என்று அர்த்தம். அப்போலோ 54ஆம் எண், அதற்கு லிட்டில் இந்தியாவில் இறங்குங்கள். முத்தூஸ் 138, சாலையின் நடுப்பகுதியில் இருக்கிறது.

எப்போது போவது என்பது முக்கியம். வார நாட்களில் பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்றரை வரை அலுவலகக் கூட்டம் முழுவதும் சாப்பாட்டுக்கு வெளியே வரும். சிங்கப்பூர் முழுக்க அப்படித்தான். அதற்கு முன்னால் பதினொன்றரைக்குப் போய் உட்கார்ந்துவிடுங்கள், அல்லது இரண்டு மணிக்கு மேல் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை வேறு கணக்கு. வெளிநாட்டு ஊழியர்கள் பலருக்கு அன்றுதான் ஓய்வு நாள். தேக்கா என்று நம்மவர்கள் சொல்லும் இந்த லிட்டில் இந்தியா வட்டாரமே நிறைந்திருக்கும். ஊர்க்காரர்களைப் பார்க்க அருமையான நேரம், நிதானமாக மீன்தலை சாப்பிட அவ்வளவு தோதான நேரம் இல்லை. சனி, ஞாயிறு போய்த்தான் ஆக வேண்டும் என்றால், நான்கு பேருக்கு மேல் இருக்கும்போது முன்பதிவு செய்துவிடுங்கள்.

எத்தனை பேராகப் போவது

தனியாகப் போகாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வையுங்கள். மீன்தலைக் கறி மேசைக்கு நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துச் சாப்பிடுவதற்காகவே உண்டானது. தலையில் எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி இருக்காது. ஒருவருக்குக் கன்னம் பிடிக்கும், ஒருவருக்குக் கண் பிடிக்கும், இன்னொருவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டே அரை மணி நேரம் உட்காருவார். மூன்று, நான்கு பேர் என்றால் சரியான கணக்கு.

ஒரு சீனரையோ மலாய்க்காரரையோ கூட்டிப் போங்கள் என்றும் சொல்வேன். அலுவலகத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் வருவார். மீன்தலைக் கறி என்றால் இங்கே எல்லா இனத்தவரும் வருவார்கள், கடைக்குள் நுழைந்ததுமே மேசைகளைப் பார்த்தால் தெரியும். மீனின் எந்த இடத்தில் எது இருக்கிறது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என்னோடு வேலை பார்த்த ஒரு சீன அக்காதான். தன் தட்டில் போட்டுக்கொள்ளாமல் கன்னத்தை எடுத்து முதலில் என் இலையில் வைத்தார். விருந்தாளிக்கோ பெரியவருக்கோ அந்தத் துண்டைக் கொடுப்பது அவர்கள் வழக்கம்.

முஸ்லிம் நண்பர் உடன் வந்தால் கடை வாசலில் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கூட்டத்தில் ஒருவர் சுத்த சைவம் என்றால், இலைச் சாப்பாட்டில் காய்கறி, ரசம் எல்லாம் இருந்தாலும் மேசை முழுக்க மீன் வாசனைதான் இருக்கும். அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். சிராங்கூன் சாலையில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ் நடக்கிற தூரம்தான். அங்கே அவரோடு இன்னொரு நாள் சாப்பிடலாம்.

உட்கார்ந்த பிறகு

கை கழுவும் இடம் எங்கே என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தேடினால் கஷ்டம்.

முன்னால் வாழையிலை விரிப்பார்கள். ஊரில் நுனி இடப்பக்கம் என்று பார்ப்போமே, இங்கே பெரும்பாலும் சதுரமாக நறுக்கிய இலைதான், அந்தக் கவலை வேண்டாம். ஈரத் துடைப்பான் பொட்டலம் ஒன்று மேசைக்கு வரலாம். இந்த ஊர் உணவகங்கள் பலவற்றில் அதற்குத் தனியாகக் காசு உண்டு. வேண்டாம் என்றால் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். வேர்க்கடலை போன்ற சின்னத் தட்டுகளும் அப்படியே. கேட்காமல் வந்ததெல்லாம் இலவசம் என்று எண்ணிவிடாதீர்கள்.

சிப்பந்திகளிடம் தமிழில் தாராளமாகப் பேசலாம். பெரும்பாலானவர்கள் நம் ஊரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்தவர்கள். "அண்ணே", "அக்கா" என்று கூப்பிட்டாலே போதும். அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: "இன்னிக்கு எந்தத் தலை நல்லா இருக்கு?" இந்தக் கேள்விக்கு வருகிற பதில் மெனு அட்டையை விடப் பயன்படும்.

என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது

தலை சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு வாரியாகக் கிடைக்கும். இரண்டு, மூன்று பேருக்குச் சிறியது, நான்கு பேருக்கு நடுத்தரம், ஆறு பேருக்குப் பெரியது. பெரிய தலையாக இருந்தால் எல்லாருக்கும் நிறையக் கிடைக்கும் என்று நினைத்துத்தான் புதியவர்கள் தேவைக்கு மேல் சொல்லிவிடுகிறார்கள். கூட ஒரு பொரித்தது, ஒரு வறுவல், இலையில் சோறு, காய், அப்பளம் என்று சேரும்போது நடுத்தரத் தலையே நான்கு பேருக்கு நிறைவாக இருக்கும்.

மீன் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் ரெட் ஸ்னாப்பர் என்பார்கள். நம் ஊர்ச் சங்கரா மீனுக்கு உறவு, ஆனால் உருவத்தில் பல மடங்கு பெரியது. சீனர்கள் ஹொக்கியன் மொழியில் அங்கோலி என்பார்கள். தலை பெரிதாக இருப்பதால் கன்னத்திலும் பின்கழுத்திலும் நல்ல சதை பிடித்திருக்கும். இந்தக் கறிக்கு இந்த மீன் பொருந்துவது அதனால்தான்.

குழம்பில் வெண்டைக்காய் முழுசாகக் கிடக்கும். சில கடைகளில் தக்காளி, கத்தரிக்காய். அன்னாசித் துண்டும் வரும். அன்னாசியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். புளியின் கூர்மையையும் மிளகாயின் காரத்தையும் அந்தச் சிறு இனிப்புதான் இணைக்கிறது. வெண்டைக்காயோ குழம்பை உள்ளே இழுத்துக்கொண்டு பருத்திருக்கும். மேசையில் முதலில் தீர்வது பெரும்பாலும் அதுதான், உங்கள் பங்கை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

சோற்றில் வெள்ளைச் சோறா பிரியாணிச் சோறா என்று கேட்பார்கள். வெள்ளைச் சோறு என்று சொல்லுங்கள். பிரியாணிச் சோற்றின் பட்டை, கிராம்பு வாசனை இந்தப் புளிக்குழம்போடு மல்லுக்கு நிற்கும், இரண்டும் கெடும். பிரியாணி சாப்பிட வேறு நாள் இருக்கிறது. சோறும் காயும் ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கில் வரும். மறுபடி வாங்கினால் அதற்குள் அடங்குமா, தனியா என்பதை ஆரம்பத்திலேயே கேட்டுவிட்டால் கடைசியில் குழப்பம் இல்லை.

தொடுகறி விஷயத்தில் என் கட்சி ஒன்றுதான். குழம்புக்கு மேல் குழம்பு வேண்டாம். மீன்தலைக் கறியோடு இன்னொரு சாறுள்ள கறியைச் சொன்னால் இலையில் எல்லாம் கலந்து ஒரே சுவையாகிவிடும். காய்ந்த பதத்தில் ஒன்று சொல்லுங்கள். மசாலா இறால், சோத்தோங் வறுவல், மீன் கட்லெட், கோழிப் பொரியல், இவற்றில் ஒன்று. சோத்தோங் என்பது கணவாய்க்கு மலாய்ச் சொல், இங்கே நம்மவர்களும் அப்படியே சொல்வார்கள். குடிக்க லைம் ஜூஸோ மோரோ போதும்.

விலைப்பட்டியலில் நண்டு, பெரிய இறால் போன்றவற்றுக்கு எதிரே எண் இல்லாமல் "பருவ விலை" என்று இருந்தால் நின்று கேளுங்கள். இது ரேஸ் கோர்ஸ் சாலைக்கு மட்டுமல்ல, இந்த ஊரின் எல்லாக் கடலுணவுக் கடைகளுக்கும் பொருந்தும். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது கடலோரத்தில் ஒரு கடைக்கு மிளகாய் நண்டு சாப்பிடக் கூட்டிப் போனேன். இங்கே அதற்குப் பெரும்பாலும் இலங்கையிலிருந்து வரும் பெரிய நண்டைத்தான் போடுகிறார்கள். விலை கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கிலோவுக்கு எவ்வளவு, நண்டு எத்தனை கிலோ, இரண்டையும் கேட்கவில்லை. ரசீது வந்தபோது நான் நினைத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அப்பா அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை, அதற்குப் பிறகு அந்தப் பயணம் முழுக்க வெளியே சாப்பிடலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது இன்றும் எனக்கு வருத்தம். கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கிலோ விலை என்ன, இந்த நண்டு எடை என்ன, மொத்தம் எத்தனை வெள்ளி என்று மூன்றையும் கேட்டுவிட்டு, சரி என்று சொல்லுங்கள். இங்கே டாலரை நம்மவர்கள் வெள்ளி என்பார்கள், அதுவும் பழகிவிடும்.

தலையைச் சாப்பிடுவது

இனிதான் முக்கியமான பகுதி. சட்டி வந்ததும் எல்லாரும் படம் எடுப்பார்கள், எடுத்துக்கொள்ளட்டும். அதற்குள் குழம்பு கொஞ்சம் ஆறும். வந்த வேகத்தில் வாயில் வைத்தால் நாக்கு வெந்து, அப்புறம் எதுவும் ருசிக்காது.

முதலில் குழம்பை மட்டும் ஒரு கரண்டி எடுத்துச் சோற்றில் ஊற்றிப் பாருங்கள். மல்லி, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, புளி எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். ஆனாலும் ஊர்க் குழம்பைவிடக் கொஞ்சம் கெட்டியாக, வழவழப்பாக இருக்கும். தலையின் தோலிலும் எலும்பிலும் இருக்கும் பசை குழம்பில் இறங்குவதால் வரும் பதம் அது. வெறும் துண்டு மீன் போட்டால் இது வராது.

அடுத்தது கன்னம். கண்ணுக்குக் கீழே, செவுள் மூடிக்கு முன்னால் விரலால் அழுத்தினால் மெத்தென்று ஒரு குழி இருக்கும். அங்கே கரண்டி முனையை நுழைத்து மெல்ல நெம்பினால் வட்டமாக ஒரு துண்டு சதை முழுசாக வெளியே வரும். முள் இருக்காது. தலையிலேயே மிருதுவான இடம் இதுதான். ஒரு தலையில் இரண்டே கன்னம். குழந்தைகள் இருந்தால் அவர்களுக்குக் கொடுங்கள், இல்லையென்றால் மேசையில் மூத்தவருக்கு.

பிறகு செவுளுக்குப் பின்னால், துடுப்பு ஒட்டியிருக்கும் பகுதிக்கு வாருங்கள். கழுத்துப் பட்டை என்று சொல்லலாம். சதை அதிகமாக இருப்பது இங்கேதான். கொழுப்பும் கொஞ்சம் சேர்ந்து, கடித்தால் சாறு வரும். சோற்றோடு பிசைந்து சாப்பிட ஏற்ற பகுதி. துண்டு மீன்தான் பழக்கம், தலை வேண்டாம் என்று தயங்குகிற ஆளுக்கு முதலில் இதைக் கொடுங்கள். அதன்பின் அவரே கேட்டு வாங்குவார்.

உச்சந்தலையிலும் நெற்றியிலும் நீளமாக ஒரு கீற்றுச் சதை உண்டு. எலும்பை ஒட்டி விரலால் வழித்தால் வரும். கரண்டியால் முடியாது, கைதான் வேண்டும். உதடும் தாடையும் அடுத்தது. பார்க்க ஒன்றும் இருக்காது போலத் தெரியும், ஆனால் உதட்டுத் தோல் பசைபசையென்று நாக்கில் கரையும். குழம்பில் ஒருமுறை முக்கி உறிஞ்ச வேண்டும். சத்தம் வரும், பரவாயில்லை.

கண்ணைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள். நடுவில் இருக்கும் வெள்ளை உருண்டை கெட்டி, அதைத் துப்பிவிட வேண்டும். அதைச் சுற்றியிருக்கும் வழவழப்பான பகுதிதான் சாப்பிடுவதற்கு. பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஆனால் எடுப்பதற்கு முன் மேசையில் யாருக்கு வேண்டும் என்று கேளுங்கள். அதற்காகவே வந்தவர் ஒருவர் இருப்பார்.

சீன நண்பர்கள் சிலர், அதிலும் மூத்தவர்கள், ஒரு பக்கம் தீர்ந்ததும் மீனைப் புரட்டிப் போட மாட்டார்கள். மீனைப் புரட்டினால் படகு கவிழும் என்பது கடலோடிகளின் நம்பிக்கை. அவர்கள் உடனிருந்தால் நீங்களும் புரட்டாமல் மேலெலும்பைத் தூக்கிவிட்டுக் கீழே இருப்பதை எடுங்கள். நடுவே பிளந்து வரும் தலையாக இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

பொதுச் சட்டியில் எடுக்கும்போது பரிமாறும் கரண்டியையே பயன்படுத்துங்கள். வலது கை எச்சிலாக இருந்தால் இடது கையால் கரண்டியைப் பிடிப்பது இங்கே தவறில்லை. கையால் சாப்பிட வராத நண்பருக்கு முள்கரண்டி தருவார்கள், அவர்களை விட்டுவிடுங்கள். என் அனுபவத்தில் தாடை எலும்புக்கு வரும்போது அவர்களும் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. துண்டு மீனில் இருப்பதுபோல் சிறு முள் தலையில் அதிகம் இல்லை, பெரும்பாலும் தட்டையான பெரிய எலும்புகள்தான். ஆனால் கழுத்துப் பட்டையில் கவனம் தேவை, அங்கே முள் உண்டு. குழந்தைக்கு ஊட்டும்போது விரலால் நன்றாகத் தடவிப் பார்த்துக் கொடுங்கள். தொண்டையில் குத்திவிட்டால் சோற்று உருண்டையை விழுங்குவது நம் பழக்கம், அது முள்ளை இன்னும் ஆழமாக இறக்கிவிடக்கூடும். வலி நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மீன் புதிதா என்பதைச் சதையே சொல்லிவிடும். நல்ல தலையில் சதை இதழ் இதழாக, ஈரப்பசையோடு பிரியும். மாவு போலக் குழைந்தாலோ, மசாலாவையும் மீறி ஒரு வாடை வந்தாலோ சாப்பிடாதீர்கள். சிப்பந்தியைக் கூப்பிட்டு அமைதியாகச் சொல்லுங்கள். முக்கால்வாசி தின்றுவிட்டுச் சொல்வதைவிட முதல் வாயிலேயே சொல்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

கடைசியில் ரசம் கேளுங்கள். இலையில் மீதமிருக்கும் சோற்றில் ஊற்றியோ, குவளையில் வாங்கியோ குடிக்கலாம். இந்தப் புளி, காரம் எல்லாவற்றுக்கும் பிறகு அந்த மிளகு ரசம் வயிற்றுக்குள் இறங்குகிற சுகம் தனி. முடிந்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள், ஊரில் விருந்தில் செய்வது போலத்தான்.

கல்லாவில்

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று சேவைக் கட்டணம், 10 விழுக்காடு. மற்றது பொருள் சேவை வரி, 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. வரியைச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்குத்தான் போடுவார்கள். ஆக 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் முதலில் 110 ஆகும், அதற்கு வரி 9 வெள்ளி 90 காசு, மொத்தம் 119 வெள்ளி 90 காசு. கணக்கு போடும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவங்காடிக் (ஹாக்கர் சென்டர்) கடையில் போட்டிருக்கும் விலையைத் தந்தே பழகியவர்களுக்கு இதுதான் முதல் அதிர்ச்சி. சேவைக் கட்டணம் இருப்பதால் தனியாக டிப்ஸ் வைக்கும் வழக்கம் இங்கே இல்லை.

நண்பர்களோடு போனால் ஒருவர் கட்டிவிட்டு மற்றவர்கள் பேநவ் என்ற கைப்பேசிப் பணப் பரிமாற்றம் மூலம் அவருக்கு அனுப்பிவிடுவதுதான் இந்த ஊர்ப் பழக்கம். "நான்தான் தருவேன்" என்று கல்லாவில் நம் ஊர்ப் பாணியில் மல்லுக்கட்டினால் சீன நண்பர்களுக்குப் புரியும், அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒத்த வயதுக்காரர்கள் பங்கு பிரிக்கவே விரும்புவார்கள், விட்டுவிடுங்கள்.

சாப்பிட்ட பிறகு

மதியம் போயிருந்தால் உடனே ரயிலுக்கு ஓடாதீர்கள். அதே சாலையில் ஃபேரர் பார்க்கைத் தாண்டி 366ஆம் எண்ணில் சாக்கியமுனி புத்த கயா ஆலயம் இருக்கிறது. ஆயிரம் விளக்குக் கோயில் என்றும் சொல்வார்கள். உள்ளே 15 மீட்டர் உயரத்தில் அமர்ந்த புத்தர் சிலை. லிட்டில் இந்தியா பக்கம் திரும்பினால் கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டிய தான் தெங் நியா வீடு, கதவுக்கொரு நிறமாகப் பூசியிருப்பார்கள். கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. ஒரு காலத்தில் இந்த வட்டாரமே மாட்டு வியாபாரத்தால் பிழைத்தது, பக்கத்திலேயே பஃபலோ சாலையும் இருக்கிறது.

மீந்த குழம்பை விட்டுவராதீர்கள். "அண்ணே, குழம்ப தாப்பாவ் பண்ணிக் குடுங்க" என்றால் கட்டித் தருவார்கள். தாப்பாவ் என்பது பொட்டலம் கட்டுவதற்குச் சீனர்கள் சொல்லும் சொல், இங்கே எல்லா மொழிக்காரருக்கும் புரியும். எலும்பையும் மீந்த சதையையும் விட்டுவிட்டுக் குழம்பையும் வெண்டைக்காயையும் மட்டும் வாங்குங்கள், திரும்பச் சூடாக்கினால் மீன் இறுகிவிடும். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, இன்னொரு பைக்குள் போட்டு நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டியில் சாப்பாட்டை எடுத்துப் போவது தவறில்லை, திறந்து சாப்பிட்டால்தான் 500 வெள்ளி வரை அபராதம்.

வீட்டுக்குப் போனதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலை அந்தக் குழம்பு கெட்டியாக உறைந்திருக்கும், புளியும் மசாலாவும் அதற்குள் நன்றாக ஊறியிருக்கும். சிறு தீயில் கொதிக்கவிட்டு, இரண்டு தோசை சுட்டுக்கொண்டு உட்காருங்கள்.